வரன் என்று ஒருவன்

“அக்கா, வரன் எண்டு ஒருத்தனை உங்களுக்குத் தெரியுமோ?”

செருப்பைக் கழற்றவும் மறந்து வாசலில் நின்று இப்படிக் கேட்ட மனிதனைக் கிருசாந்தி நிமிர்ந்து பார்த்தார். நாற்பதை எட்டாத வயது. கடல் வெயிலில் கறுத்த முகம், பல நாள் தாடி. ஒரு பிளாஸ்ரிக் கோவையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான்.

“முதல்ல வந்து கதிரையில இருங்கோ. தண்ணி குடியுங்கோ. பேந்து வரனைத் தேடுவம்,” என்றார் கிருசாந்தி.

முப்பத்தொரு வருடம் வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் அவர். வங்கி அவரை விட்டுவிட்டது, சனம் விடவில்லை. முள்ளியவளையில் “பாங்க் அக்கா வீடு எது?” என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கை காட்டும். கள்ளக் கையெழுத்து, காணாமற்போன காசு அட்டை, இறந்துபோனவரின் பெயரில் மாதாமாதம் எடுக்கப்பட்ட ஓய்வூதியம் என்று எதைக் கொண்டுவந்து போட்டாலும் அவர் பதறமாட்டார். அவருக்கும் சேர்த்துப் பதறுவதற்குச் சுதாகரன் இருந்தான்.

சுதாகரன் ஓட்டோக்காரன். யாரும் கேட்காமலே அவருக்குத் துணைத் துப்பறிவாளனாகத் தன்னை நியமித்துக்கொண்டு நாலு வருடமாகிறது. காலையில் அவரைச் சந்தைக்கு ஏற்றிப்போக வருவான். புறப்படும்போது கைத்தொலைபேசியில் ஒரே ஒரு சொல்லை அனுப்பிவிட்டு வருவது வழக்கம். தமிழ் எழுத்தைத் தேடிப் பிடிக்கப் பொறுமை கிடையாது; ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதிவிடுவான். அன்றும் அப்படி வந்தவன், வரன் என்ற பெயரைக் கேட்டதும் சந்தையை மறந்து ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

வந்தவனின் பெயர் றொசான். நாயாற்றில் இறால் பிடிக்கிறவன். மனைவி ஆன்சலா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை.

“அவள் போய் அஞ்சு வருசம் அக்கா. போக முதல் ரெண்டு பேரின்ர பேரிலயும் முல்லைத்தீவில ஒரு கூட்டுக் கணக்குத் திறந்தம். ரெண்டு பேரில ஆரும் எடுக்கலாம். அவள் உழைக்கிறதும் அதுக்கதான், நான் இறால் விக்கிறதும் அதுக்கதான். பாங்க் புத்தகமும் காசு எடுக்கிற காட்டும் என்னட்ட இருக்கு. அவள் தன்ர போனில கணக்குப் பாப்பாள்.”

“நல்ல ஏற்பாடுதானே?”

“நல்லாத்தான் இருந்தது. ரெண்டு கிழமைக்கு முதல் வீட்டுக்கு மேல் தட்டுப் போடக் கம்பி வாங்கப் போனன். நான் நினைச்ச காசு அங்க இல்லை. ஒண்டரை லட்சத்துக்குக் கிட்டக் குறையுது. கணக்கை அச்சடிச்சுத் தாங்கோ எண்டு கேட்டன்.” கோவையைத் திறந்து கடதாசிகளை நீட்டினான். “பாருங்கோ.”

கிருசாந்தி பார்த்தார். போன வருடம் தை மாதம் தொடங்கி, மாதம் ஒருமுறை, பதினாலு தடவைகள் கூட்டுக் கணக்கிலிருந்து பத்தாயிரம் ரூபா இன்னொரு சேமிப்புக் கணக்குக்குப் போயிருந்தது. ஆன்சலாவின் தொலைபேசியிலிருந்து அனுப்பப்பட்ட காசு. ஒவ்வொரு வரியிலும் விபரம் என்ற இடத்தில் ஆங்கிலத்தில் ஐந்து எழுத்துகள்: வீ, ஏ, ஆர், ஏ, என்.

“எழுத்துக் கூட்டித்தான் வாசிச்சனான்,” என்றான் றொசான். “வரன். பதினாலு தரமும் வரன். வரன் எண்டால் மாப்பிள்ளை எண்டும் ஒரு கருத்து இருக்கெல்லோ அக்கா?”

சுதாகரன் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டான்.

“அந்தக் கணக்கு ஆற்ற எண்டு பாங்கில கேக்கேல்லையோ?” என்றார் கிருசாந்தி.

“கேட்டனான். மற்றாக்களின்ர கணக்கைப் பற்றிச் சொல்லேலாதாம்.”

“அது சரிதான். ஆன்சலாவிட்டக் கேட்டனீங்களோ?”

றொசான் சட்டைப் பையிலிருந்த தொலைபேசியைத் தொட்டான். “ஒன்பது நாளா அவள் அடிக்கிறாள். நான் எடுக்கேல்லை. போனை முன்னால வைச்சுப் பாத்துக்கொண்டு இருக்கிறன். அது அடிச்சு ஓயுது.” வெறும் கோவையை மூடினான். “நாளைக்குக் காலமை முழுக் காசையும் எடுத்துப்போட்டுக் கணக்கை மூடப்போறன். அதுக்கு முதல் அவன் ஆரெண்டு எனக்குத் தெரியோணும்.”

“கணக்கை மூட ரெண்டு கையெழுத்தும் வேணும். ஆனா வழிச்சு எடுக்க உங்கட ஒண்டு காணும்.” கிருசாந்தி கடதாசியை மடிக்கவில்லை. “எடுத்துப்போட்டு?”

“எடுத்துப்போட்டு என்ன அக்கா? எல்லாம் முடிஞ்சுது.”

முடிந்தது என்று வாய்தான் சொன்னது. முடித்துவிட்ட மனிதன் ஒன்பது நாள் தொலைபேசியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டான். அணைத்துப் பெட்டிக்குள் போட்டிருப்பான். கிருசாந்திக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. ஆனால் அவர் அதை வெளியே காட்டவில்லை.

“சுதாகரன், மேல இருக்கிற கூட்டுக் கணக்கு நம்பரையும், காசு போன கணக்கு நம்பரையும் ஒருக்கா வாசி.”

சுதாகரன் இரண்டையும் விரலால் தொட்டுக்கொண்டே வேகமாக வாசித்தான். “ரெண்டும் ஒரே மாதிரித்தான் கிடக்கு அக்கா. ஒரே பாங்க்தானே. இதில ஒண்டுமில்லை. ஆளைத்தான் பிடிக்கோணும்.”

“ஓம், ஆளைப் பிடிப்பம்,” என்றார் கிருசாந்தி. “றொசான், பின்னேரம் நாங்கள் உங்கட வீட்டை வந்து பாக்கலாமோ?”

“வாங்கோ அக்கா.” அவன் எழுந்தான். படியிறங்கி மோட்டார் சைக்கிளில் ஏறி, “அப்ப வாறன் அக்கா,” என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டுப் போனான்.

கிருசாந்தி படலையைப் பார்த்தபடி சிறிது நேரம் அசையாமல் நின்றார். பிறகு தன் தொலைபேசியை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். சுதாகரன் அதைக் கவனிக்கவில்லை. அவன் பட்டியல் போடத் தொடங்கியிருந்தான்.

பின்னேரம் அளம்பில் தாண்டி ஓட்டோ போகும்போது பட்டியல் தயாராக இருந்தது.

“மகேஸ்வரன், கம்பிக்கடை. யோகேஸ்வரன், ஐஸ் வாடி. விக்னேஸ்வரன், வலை விக்கிறவர். பேரின்ர முடிவில வரன் வாற ஆக்கள் எல்லாரையும் எழுதிப்போட்டன் அக்கா. மொத்தம் பத்துப் பேர். பத்தாவது ஞானேஸ்வரன்.”

“ஞானேஸ்வரன் உன்ர மச்சான் எல்லோ?”

“ஓம்.”

“அவரை ஏன் சேத்தனீ?”

“எனக்கு எப்பவும் அவனில ஒரு ஐமிச்சம்.”

கிருசாந்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே பார்த்தார். செம்மலை கழிந்ததும் வலது பக்கம் களப்பு விரிந்தது. மாரி முடிந்து தண்ணீர் வற்றத் தொடங்கியிருந்தது. இரண்டு வள்ளங்கள் சேற்றில் சாய்ந்து கிடந்தன.

றொசானின் வீட்டைத் தேடவேண்டி இருக்கவில்லை. வீட்டுத் திட்டத்தில் கிடைத்த சின்ன வீட்டைச் சுற்றி இன்னொரு பெரிய வீடு முளைத்துக்கொண்டிருந்தது. எங்கும் பூசாத சுவர். கூரைக்கு மேல் கம்பிகள் வானத்தைப் பார்த்து நின்றன. கீழே மூன்று அறை; மேலே இரண்டு வரப்போகிறது என்று றொசான் காட்டினான். கதவு எதற்கும் இல்லை. அவன் படுப்பது பழைய வீட்டின் முன்னறையில், ஒரு பாயில்.

பின்புறம் குசினிக்கு அத்திவாரம் மட்டும் போடப்பட்டிருந்தது. அதற்குள் புல் முளைத்திருந்தது.

“இதை ஏன் விட்டிட்டியள்?” என்று கேட்டார் கிருசாந்தி.

“அவள்தான் கட்டவேண்டாம் எண்டவள். சன்னல் எந்தப் பக்கம் வைக்கிறதெண்டு தான் நிண்டு பாத்துச் சொல்லோணுமாம். கிழக்கால வைச்சால் சோளகக் காத்தில புகை வெளியால போகாதாம். மாசக்கணக்கா இதே கதைதான் அக்கா. குவைத்தில இருந்துகொண்டு நாயாத்துக் காத்தைப் பற்றி எனக்குப் படிப்பிக்கிறாள்.”

முன்னறைக்குத் திரும்பியபோது சுதாகரன் சுவரைக் காட்டி இரகசியமாகச் சொன்னான்: “அக்கா, மணிக்கூடு நிண்டுபோச்சு. இப்ப நாலு மணி. இதில ஒண்டரை. துப்பு ஏதும் இருக்குமோ?”

கிருசாந்தி கிட்டப்போய்ப் பார்த்தார். நொடிமுள் ஓடிக்கொண்டிருந்தது. “நிக்கேல்லை. ஓடுது.”

“அப்ப பிந்தி ஓடுது. பட்டரி மாத்தோணும்.”

“அது பழுதில்லை,” என்றான் றொசான். வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான். கிருசாந்தி மேலே கேட்கவில்லை.

மாதா சிலைக்குப் பக்கத்தில் ஒரேமாதிரி இரண்டு பிளாஸ்ரிக் உண்டியல்கள் இருந்தன. வங்கியின் பெயர் அரைவாசி அழிந்துபோயிருந்தது.

“கணக்குத் திறந்த அண்டைக்குத் தந்தவை,” என்றான் றொசான். “அவளுக்கு ஒண்டு, எனக்கு ஒண்டாக்கும்.”

“தரேக்க நீங்கள் பக்கத்தில இருந்தனீங்களோ?”

“இல்லை. ஐடென்ரிற்றி போட்டோக் கொப்பி எடுக்கப் போனனான். கரண்ட் இல்லாமல் அரை மணித்தியாலம் மினக்கெட்டுப் போச்சு. வந்து எனக்குக் காட்டின இடத்தில கையெழுத்து வைச்சன். அவள் ரெண்டு உண்டியலையும் மடியில வைச்சுக்கொண்டு இருந்தவள்.” அந்த நினைவில் அவன் முகம் கொஞ்சம் இளகி, உடனே இறுகியது. “இன்னுமொண்டு காட்டவேணும் அக்கா. அதைப் பாத்தால் உங்களுக்கே விளங்கும்.”

மூலையில் ஒரு பெரிய கடதாசிப் பெட்டி இருந்தது. போன மாதம் ஆன்சலா கப்பலில் அனுப்பியது. முன்பெல்லாம் சவர்க்காரம், பால்மா, துவாய் என்று அவனுக்கும் அயலுக்கும் சாமான் வரும். இந்த முறை அவளுடைய சொந்த உடுப்புகள். அடியில், ஒரு பைக்குள், குதி தேய்ந்த ஒரு சோடிப் பெண்கள் செருப்பு.

“பழஞ்செருப்பு அக்கா! கட்டின புருசனுக்கு ஆரும் பழஞ்செருப்பு அனுப்புவினமோ? இதைவிட என்ன மாதிரி ஒரு மனிசனை அவமானப்படுத்துறது?”

சுதாகரன் உச்சுக்கொட்டினான். செருப்பு என்றால் அவமானம் என்பதில் அவனுக்கும் ஐயமில்லை. கிருசாந்தி மட்டும் அந்தச் செருப்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நன்றாகத் துடைத்து, நனையாமல் இரண்டு பையில் சுற்றி அனுப்பியிருந்தாள்.

“இருங்கோ றொசான்,” என்றார் அவர். “நீயும் இரு சுதாகரன். இண்டைக்குக் காலமை எனக்கு என்ன மெசேச் அனுப்பினனீ?”

“வழமையா அனுப்புறதுதானே அக்கா.”

கிருசாந்தி தன் தொலைபேசியை றொசானிடம் நீட்டினார். “எழுத்துக் கூட்டி வாசியுங்கோ.”

றொசான் வாசித்தான். உதடுகள் அசைந்தன. வீ. ஏ. ஆர். ஏ. என். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் இரத்தமே இல்லை. அடுத்த கணம் சுதாகரனின் சட்டைக் கழுத்து அவன் கைக்குள் இருந்தது.

“நீயோடா அது? நீயோடா வரன்?”

“ஐயோ அண்ணை, விடுங்கோ! நான் சுதாகரன்! ‘வாறன்’ எண்டு எழுதினது! ஓட்டோ கொண்டு வாறன் எண்டு... வாறன்...”

சொல்லிக்கொண்டிருந்தவன் நடுவில் நிறுத்தினான். தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவனுக்கே அப்போதுதான் கேட்டது. றொசானின் கை தானாகத் தளர்ந்தது.

“பத்து வரனைத் தேடினனீ,” என்றார் கிருசாந்தி சுதாகரனிடம். “ஒவ்வொரு நாளும் அனுப்புற சொல்லை மறந்துபோனாய். ஆங்கிலத்தில குறிலும் நெடிலும் ஒண்டு, ரகரமும் றகரமும் ஒண்டு. றொசான், நீங்களும் அவாவும் எப்பவும் குரலிலதான் கதைக்கிறனீங்கள் போல. அந்தச் சொல்லை எழுத்தில கண்டதில்லை. அதாலதான் உங்களுக்கு அது ஒரு ஆம்பிளையின்ர பேராத் தெரிஞ்சது.”

றொசான் பாயில் உட்கார்ந்தான். அவனுக்கு நிம்மதி வரும் என்று சுதாகரன் எதிர்பார்த்தான். வரவில்லை.

“வாறன்...” என்றான் றொசான் மெதுவாக. “அப்ப போறாள்.”

“என்னண்ணை சொல்லுறியள்?”

“போகேக்க நாங்கள் என்ன சொல்லுறனாங்கள்? போறன் எண்டு ஆரும் வாய்விட்டுச் சொல்லுவினமோ? வாறன் எண்டுதானே சொல்லுவினம். அவள் போன் வைக்கேக்கயும் அதைத்தான் சொல்லுவாள். ‘சரி, வாறன்’ எண்டுவாள். உடன கட் ஆகும். அஞ்சு வருசமா ஒவ்வொரு நாளும் அந்தச் சொல்லோடதான் அவளின்ர குரல் நிக்கிறது. அவள் என்னை விட்டுப் போறாள் அக்கா. தனக்கெண்டு காசு சேத்துக்கொண்டு, சொல்லிப்போட்டுப் போறாள்.”

சுதாகரன் கிருசாந்தியைப் பார்த்தான். இதற்கு அவனிடம் பட்டியல் இல்லை. வழியனுப்பும் சொல்லும் வரவேற்கும் சொல்லும் ஒன்றாக இருக்கிற ஊரில் பிறந்தவர்களுக்குத்தான் இப்படி ஒரு சந்தேகம் வரமுடியும்.

“சொல்லை மட்டும் வைச்சுப் பாத்தால் எனக்கும் தெரியாது,” என்றார் கிருசாந்தி. “அதாலதான் வீட்டைப் பாக்க வந்தனான். முதல்ல அந்தக் கணக்கு. பாங்கில ஒரு கணக்குக்கு ஒரு உண்டியல்தான் குடுப்பினம், ஆளுக்கு ஒண்டு இல்லை. நான் முப்பத்தொரு வருசம் எண்ணிக் குடுத்தனான். உங்களுக்கு ரெண்டு தந்தவையெண்டால் அண்டைக்கு ரெண்டு கணக்குத் திறபட்டிருக்கு. நம்பரைப் பாருங்கோ. உங்கட கூட்டுக் கணக்கு ஏழு ஒண்டில முடியுது. மற்றது ஏழு ரெண்டு. மிச்ச எல்லாம் ஒண்டுதான். அடுத்தடுத்துத் திறந்தது. நீங்கள் கொப்பி எடுக்கப் போன அரை மணித்தியாலத்துக்க, வெளிநாடு போற பிள்ளை, உம்மட பேரிலயும் ஒண்டு இருக்கட்டும் எண்டு ஆரோ சொல்லியிருப்பினம். ஆன்சலா திறந்திருப்பா.”

“ரெண்டும் ஒரே மாதிரித்தான் எண்டு நானும் சொன்னனான்,” என்றான் சுதாகரன்.

“சொன்னனீ. அதோட விட்டிட்டாய்.” கிருசாந்தி செருப்பை நிலத்தில், வாசலைப் பார்த்தபடி வைத்தார். “இனி இது. ஒரு இடத்தை விட்டுத் தூரப் போறவள் தன்ர செருப்பைத் தன்னோட கொண்டுபோவாள். புருசன் வீட்டுக்கு அனுப்பமாட்டாள். விமானத்தில இத்தினை கிலோதான் கொண்டுவரலாம். அதால பாரத்தை முன்னுக்குக் கப்பலில அனுப்பியிருக்கிறா. இது உங்களுக்கு அனுப்பினது இல்லை, றொசான். தனக்குத் தானே அனுப்பினது. இஞ்ச வந்து இறங்கிப் போடுறதுக்கு.”

றொசான் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“விட்டிட்டுப் போற பொம்பிளை குசினிச் சன்னலுக்கு மாசக்கணக்காச் சண்டை பிடிக்கமாட்டாள். சோளகக் காத்தில புகை ஆற்ற கண்ணுக்குள்ள போகுமெண்டு நினைச்சவா? சரி, ஒண்டு கேக்கிறன். போன வருசம் தை மாசம் முதல்தரம் காசு போயிருக்கு. அந்த மாசம் என்ன நடந்தது?”

களப்புப் பக்கம் யாரோ வள்ளத்தைத் தள்ளும் சத்தம் கேட்டது.

“அவளுக்கு ரெண்டாவது ஒப்பந்தம் முடிஞ்சது,” என்றான் றொசான். “வரப்போறன் எண்டவள். நான்தான் இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து வை எண்டனான். மேல் தட்டுப் போட்டிட்டு வரலாம் எண்டனான். அவள் ஒண்டும் சொல்லேல்லை. சரி, வாறன் எண்டு போனை வைச்சிட்டாள்.”

“இடையில ஒப்பந்தத்தை முறிச்சுக்கொண்டு வாறதெண்டால் தன்ர காசிலதான் வரவேணும். கூட்டுக் கணக்கில கிடந்தால் அது கம்பியாகும், சீமெந்தாகும். அதாலதான் மாசம் பத்தாயிரத்தைத் தன்ர கணக்குக்கு மாத்தினவா.”

“எனக்கு ஏன் சொல்லேல்லை அக்கா? ஒரு சொல் சொல்லியிருக்கலாமே!”

“சொன்னவா. பதினாலு தரம் சொன்னவா.” கிருசாந்தியின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. “விபரம் எண்ட இடத்தை வெறுமையா விட்டாலும் காசு போகும். ஒளிக்க நினைச்சவள் வெறுமையா விட்டிருப்பாள். நீங்கள் ரெண்டு பேரும் பாக்கிற ஒரே கடதாசி அந்தக் கணக்குத்தான். வாயால சொன்னால் நீங்கள் இன்னும் ரெண்டு வருசம் எண்டுவியள். அதால அதில எழுதினவா. நீங்கள் பாப்பியள், பாத்திட்டு ஒரு சொல் சொல்லுவியள் எண்டு மாசாமாசம் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறா. நீங்கள் பாத்தது மிச்சக் காசை மட்டும்.”

றொசான் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

கிருசாந்திக்குக் கோபம் நீடிக்காது. சுவரிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். “உங்களுக்கும் அவாவைத் தேடுது. எனக்கு அது இஞ்ச வந்தவுடனயே தெரியும். இது ரெண்டரை மணித்தியாலம் பின்னுக்கு ஓடுது. இது குவைத் நேரம்.”

“அவள் எழும்புற நேரம்,” என்றான் றொசான் கைகளுக்குள்ளிருந்து. “சமைக்கிற நேரம். படுக்கிற நேரம். வலை இழுத்துப்போட்டு வந்து அதைத்தான் பாத்துக்கொண்டு இருப்பன். இப்ப அந்த வீட்டுக்காரர் சாப்பிட்டு முடிஞ்சிருக்கும். அவள் கோப்பை கழுவுவாள்.”

“அப்ப ஏன் வா எண்டு சொல்லேல்லை?”

“வெக்கம் அக்கா. போகேக்க நான்தான் சொன்னனான், நீ வரேக்க மாளிகை மாதிரி வீடு நிக்கும் எண்டு. வீடு முடியேல்லை. முடிக்காமல் எந்த முகத்தோட வா எண்டு கூப்பிடுறது?”

“கீழ மூண்டு அறை, மேல ரெண்டு. இத்தினையும் ஆருக்கு?”

“பிள்ளையளுக்கு.”

“ஆன்சலாவுக்கு இப்ப என்ன வயசு?”

“முப்பத்தாறு.”

சுதாகரன் எழுந்துபோய் முற்றத்தில் நின்றான். அவனுக்கு அழுகை வந்தால் மூக்குத்தான் முதலில் சிவக்கும்.

சூரியன் களப்புக்கு மேல் சாய்ந்தபோது றொசான் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான். “அக்கா, நீங்கள் சொல்லுறதெல்லாம் சரியெண்டு என்ர மனம் சொல்லுது. எண்டாலும் அந்தக் கணக்கு அவளின்ரதான் எண்டு எப்பிடி நிச்சயமாத் தெரியும்? பாங்கில சொல்லமாட்டினமே.”

“பாங்க் பேரைச் சொல்லாது,” என்றார் கிருசாந்தி. “ஆனா பேர் பிழையெண்டால் காசை வாங்காது. நாளைக்குக் காலமை நீங்கள் காசு எடுக்க வரத்தானே இருந்தனீங்கள்? வாங்கோ.”

மறுநாள் ஒன்பது மணிக்கு வங்கி திறந்தபோது முதல் ஆளாக றொசான் நின்றான். கம்பிக்கென்று வைத்திருந்த ஒரு லட்சம் ரூபாவைக் கூட்டுக் கணக்கிலிருந்து எடுத்தான். கிருசாந்தி கொடுத்த வைப்புச் சீட்டில் ஏழு இரண்டில் முடியும் கணக்கு எண்ணை எழுதினான். கணக்குக்காரர் பெயர் என்ற இடத்தில் ஆன்சலாவின் முழுப் பெயரையும் எழுதினான். முதல் எழுத்தே பிழைத்து ஒரு சீட்டு வீணாகி, இரண்டாவது எழுதவேண்டி வந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் எண்ணைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். சீட்டைப் பார்த்தாள். மறுபடியும் திரையைப் பார்த்தாள். சுதாகரன் கண்ணாடியில் மூக்கு முட்ட எட்டிப் பார்த்தான். அவள் சீட்டைத் திருப்பித் தரவில்லை. காசை எண்ணும் இயந்திரத்தில் வைத்தாள்.

கிருசாந்தி றொசானின் தோளில் ஒருமுறை தட்டினார்.

“அண்ணா, விபரம் எழுதேல்லை,” என்றாள் அந்தப் பெண். “என்னத்துக்குக் காசு எண்டு ஏதாவது எழுதலாம். வீட்டுச் செலவு, மருந்துச் செலவு. இல்லாட்டி விடுங்கோ.”

“இல்லை, எழுதுறன்.” றொசான் பேனையை எடுத்தான். கொஞ்ச நேரம் யோசித்து ஒரே ஒரு எழுத்தை எழுதிக் கொடுத்தான்.

அவள் வாசித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாள். “இது ‘வா’வோ? கொம்பியூட்டரில ஆங்கில எழுத்துத்தான் போகும். வீ, ஏ எண்டு போடட்டோ?”

“ஓம் பிள்ளை,” என்றான் றொசான். “வீ, ஏ. அவ்வளவுதான்.”

அவள் முத்திரையைக் குத்தினாள்.

வெளியே மதிலோரம் ஒரு வேம்பு நின்றது. அதன் கீழ் ஓட்டோவை விட்டிருந்தார்கள். குவைத்தில் ஏழு மணிகூட ஆகியிராது. றொசான் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். இந்தப் பத்து நாளில் முதல் தடவையாக, அது அடிக்கவேண்டும் என்று வெளிப்படையாகக் காத்து நின்றான்.

அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தான்.

“ஓம்... ஓம், நான்தான் போட்டனான்... இல்லை, பிழையாப் போகேல்லை. கம்பிக்கு வைச்ச காசுதான்... கம்பி வேண்டாம்...” குரல் உடைந்தது. அவன் அதை மறைக்கவில்லை. “அழாத. நீ வா. மேல் தட்டு வேண்டாம், ஒண்டும் வேண்டாம். குசினிச் சன்னலை நீ வந்து நிண்டு சொல்லு, நான் கட்டுறன்... ஓம். செருப்பு இஞ்ச இருக்கு. வாசலிலதான் வைச்சிருக்கிறன்.”

சுதாகரன் ஒட்டுக்கேட்பதற்காக ஒரு அடி முன்னால் வைத்தான். கிருசாந்தி அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். ஆனாலும் அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சொல் அவர்கள் இருவருக்குமே கேட்டது.

“வாறன்.”

ஐந்து வருடமாக அந்தச் சொல்லோடுதான் அழைப்பு அறுந்துபோகும். பழக்கத்தில் றொசான் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தான். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் வைக்கவில்லை. அவன் அதைத் திரும்பவும் காதில் வைத்துக்கொண்டான்.